தொங்கும் தூணும் நம்ம எஸ்.ஓ.எம். பாடமும்: தகடூர் கோட்டைக் கோயிலில் ஒரு சிவில் வகுப்பு

தேசிய நினைவுச்சின்னம் என்றதும் நம்ம கண்ணுக்கு முன்னாடி வருவது தாஜ்மகால், செங்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில். டூர் போனா செல்ஃபி எடுக்கிற இடங்கள். ஆனால் ஒரு பழைய தலைநகரத்தில் நின்றுகொண்டு, கல் எப்படிக் கல்லைத் தாங்குகிறது என்று பொறுமையாகப் படிக்க வேண்டுமானால் நாம் டெல்லிக்கு டிக்கெட் போட வேண்டாம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி "கோட்டைக் கோயில்" என்று கேட்டால் போதும்.

இந்தக் கட்டுரை அந்தக் கோயிலின் தல வரலாறு இல்லை. அங்கே இருக்கிற ஒரே ஒரு விஷயத்தை, அதாவது "தொங்கும் தூண்" என்று ஊரே சொல்லும் தூணை, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிற முயற்சி. கால்குலேட்டர் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க.

முதலில், இது எந்த ஊர்?

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். சங்க காலத்தில் அதியமான்களின் தலைநகரம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அசோகரின் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு "சதியபுத்திரர்" என்ற பெயரும் வருகிறது. அது யார் என்று அறிஞர்கள் ரொம்ப நாள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். 1981இல் ஜம்பையில் கிடைத்த தமிழி கல்வெட்டு "சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி" என்று பெயரைச் சேர்த்தே சொன்னது. அந்த விவாதம் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது.

பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான். அந்தப் போரைப் பற்றிய "தகடூர் யாத்திரை" என்ற நூலே நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் நுளம்பர்கள் இங்கே ஆட்சி செலுத்தினார்கள். நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்தில், கி.பி. 893இல், இங்கே ஒரு சமணப் பள்ளி கட்டப்பட்டதைத் தர்மபுரிக் கல்வெட்டு சொல்கிறது. அதற்கப்புறம் சோழர், ஒய்சாளர், விஜயநகரம், மைசூர் என்று கை மாறி, 1792 ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில் பாராமகால் பகுதியோடு சேர்ந்து ஆங்கிலேயரிடம் போனது.

இத்தனை ஆட்சிகள் இருந்த தலைநகரத்தில் அரண்மனை எங்கே? கொத்தளம் எங்கே? "கோட்டை" என்ற பெயர்தான் நிலைத்திருக்கிறது. கல்லில் கட்டிய கோயில்கள் நின்றன. மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயிலும் பக்கத்திலேயே காமாட்சி அம்மன் கோயிலும் அப்படி நின்றவை. அம்மன் கோயிலின் அடித்தளத்தில் சின்னச் சின்ன இராமாயணச் சிற்பங்கள் ஓடும். மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில்தான் நம்ம ஹீரோ, தொங்கும் தூண்.

அங்கே இரண்டு தூண்களின் அடி தரையில் முழுசாக உட்காரவில்லை என்பார்கள். ஒரு பேப்பரையோ துண்டையோ தூணுக்கு அடியில் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் இழுத்துக் காட்டுவார்கள். ஆந்திராவின் லேபாட்சியில் இருக்கிற தூணும் இதே காரணத்துக்காகத்தான் உலகம் முழுக்க வீடியோவில் ஓடுகிறது. வீடியோவின் கீழே "மர்மம்", "அறிவியலுக்கு அப்பாற்பட்டது" என்று எழுதியிருக்கும். அறிவியல் படிக்கிற நாம் அந்த வரியை அப்படியே ஃபார்வர்ட் பண்ணக் கூடாது இல்லையா? வாங்க, கணக்குப் போடுவோம்.

கல் மண்டபத்தின் லோட் பாத்

கல் மண்டபத்தில் சுமை கீழே இறங்கும் வழி ரொம்ப நேரானது. மேலே கூரைப் பலகைக் கற்கள். அதன் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த தளவரிசை. பலகைக் கற்கள் உத்திரத்தில் உட்காரும். உத்திரம் போதிகையில் உட்காரும். போதிகை தூணின் தலையில் உட்காரும். தூண் அடித்தளத்தில் நிற்கும். நடுவில் சிமெண்டும் இல்லை, கம்பியும் இல்லை. கல் மேல் கல். மேலே ஒரு முளை, கீழே ஒரு குழி, அவ்வளவுதான். முளையும் குழியும் கல் பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொள்ளும். மேலே தூக்கினால் தடுக்காது.

இப்போது ஒரு மாதிரி மண்டபம் எடுத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நாம் வைத்துக்கொள்ளும் அளவுகள், கோயிலில் அளந்தவை அல்ல.

தூண்களுக்கு இடையே 2.5 மீட்டர். கூரைப் பலகை 20 செ.மீ. தடிமன். மேலே 20 செ.மீ. சுண்ணாம்பு-செங்கல் தளம். உத்திரம் 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம். தூண் 50-க்கு 50 செ.மீ., உயரம் 3 மீட்டர். கருங்கல்லின் எடை ஒரு கன மீட்டருக்கு 27 கிலோநியூட்டன், சுண்ணாம்பு-செங்கல் தளத்துக்கு 18.

நடுத்தூண் ஒன்றின் மேல் வரும் கூரைப் பரப்பு 2.5 × 2.5, அதாவது 6.25 சதுர மீட்டர். பலகைக் கல் 34 கிலோநியூட்டன், தளம் 22.5, உத்திரம் 11. மொத்தம் சுமார் 67. தூணின் சொந்த எடை 20. ஆக அடியில் 87 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 9 டன்.

அதைத் தூணின் பரப்பு 0.25 சதுர மீட்டரால் வகுத்தால் 0.35 மெகாபாஸ்கல் வரும். நல்ல கருங்கல்லின் அமுக்க வலிமை 100 மெகாபாஸ்கலுக்கு மேல். அதாவது, தூண் தன் தாங்கு திறனில் அரை சதவீதம்கூடப் பயன்படுத்தவில்லை! தூண் விஷயத்தில் நம்ம முன்னோர்கள் தாராளமாகவே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் உத்திரம் அப்படி இல்லை. உத்திரம் வளையும். வளைந்தால் அடிப்பக்கம் இழுவிசை வரும். கருங்கல் அமுக்கத்தில் பயில்வான், இழுவையில் நோஞ்சான். அதன் வளைவு வலிமையை 10 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். நம்ம உத்திரத்தின் மேல் ஒரு மீட்டருக்கு வரும் சுமை சுமார் 26.8 கிலோநியூட்டன். சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்தால் வளைவுத் திருப்புத்திறன் 21 கிலோநியூட்டன்-மீட்டர். அதை வெட்டுமுகக் குணகம் 0.0107 கன மீட்டரால் வகுத்தால் தகைவு சுமார் 2 மெகாபாஸ்கல்.

பாதுகாப்பு எண் 5. பரவாயில்லை. ஆனால் தூணின் 300-உடன் ஒப்பிட்டுப் பாருங்க. கல் மண்டபத்தில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்ற கேள்விக்கு இதுதான் பதில். அழகுக்காக மட்டும் இல்லை. உத்திரத்தை நீளமாக விட்டால் கல் ஒடிந்துவிடும்.

போதிகை ஏன் இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதும் இப்போது புரியும். ஒவ்வொரு பக்கமும் 40 செ.மீ. நீட்டினால் உத்திரத்தின் தாங்கலற்ற நீளம் 2.5-இலிருந்து 1.7 மீட்டராகக் குறையும். தகைவு நீளத்தின் வர்க்கத்தோடு போவதால் அது பாதிக்கும் கீழே வந்துவிடும். பூ மாதிரி, அலை மாதிரி செதுக்கியிருக்கிற அந்தப் போதிகை ஒரு ஸ்ட்ரக்சுரல் மெம்பர். சிற்பியும் இன்ஜினியரும் ஒரே ஆள்.

சரி, தூண் தொங்குமா?

மூன்று சாத்தியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*சாத்தியம் ஒன்று: தூண் நிஜமாகவே தொங்குகிறது.* அப்படியானால் அதன் 2 டன் எடையையும் மேலே இருக்கிற கல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இழுவிசை என்று பார்த்தால் அது சின்னதுதான். 20 கிலோநியூட்டனை 0.25 சதுர மீட்டரால் வகுத்தால் 0.08 மெகாபாஸ்கல். ஒரே கல்லாக இருந்தால் அசால்ட்டாகத் தாங்கும். சிக்கல் இணைப்பில் இருக்கிறது. கல் மேல் கல்லாக வைத்த காய்ந்த இணைப்பு இழுவையே தாங்காது. முளை பக்கவாட்டில்தான் தடுக்கும். எனவே மேலே பூட்டு மாதிரி ஒரு அமைப்போ இரும்புக் கொக்கியோ இல்லாமல் தூண் தொங்க முடியாது.

இன்னொரு பிரச்சினை அதைவிடப் பெரியது. தூண் தரையைத் தொடவில்லை என்றால், கூரைச் சுமை அதன் வழியாக இறங்கவே முடியாது. உத்திரம் ஒரு தாங்கலை இழக்கும். நீளம் 2.5-இலிருந்து 5 மீட்டர் ஆகும். இரண்டு மடங்கு நீளம், நான்கு மடங்கு தகைவு. 2 மெகாபாஸ்கல் 8 ஆகிவிடும். கல்லின் வலிமையோ 10. ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் கதை முடிந்தது. அதுவும் உத்திரம் ஒரே கல்லாக 5 மீட்டருக்குப் போயிருந்தால்தான். தூணின் தலைக்கு மேலே இரண்டு உத்திரங்கள் சந்திக்கும் இணைப்பு இருந்தால், தூண் தாங்காத அந்த நொடியே இரண்டும் கீழே வர வேண்டும்.

ஆகவே அங்கே போனால் எல்லாரும் தூணின் அடியைக் குனிந்து பார்ப்பார்கள். நீங்க நிமிர்ந்து தூணின் தலையைப் பாருங்க. உத்திரத்தின் இணைப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்க. இணைப்பு தூணின் நேர் மேலே இருந்து, மண்டபமும் நிற்கிறது என்றால், அந்தத் தூண் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

*சாத்தியம் இரண்டு: தூணின் ஒரு மூலையோ ஓரமோ மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறது.* பேப்பர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வருவதற்கு அடி முழுவதும் இடைவெளி தேவையில்லை. பேப்பர் போகிற வழியில் இருந்தால் போதும். லேபாட்சித் தூணிலும் ஒரு மூலை தரையில் பட்டிருக்கிறது என்றே சொல்வார்கள்.

ஒரு மூலை போதுமா? கணக்கு: 5 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவு மட்டும் தொடுகிறது என்று வைப்போம். பரப்பு 0.0025 சதுர மீட்டர். 87 கிலோநியூட்டனை அதால் வகுத்தால் 35 மெகாபாஸ்கல். கருங்கல் 100-ஐத் தாண்டும் என்றோமே? தாங்கும்! தூணடியின் நூறில் ஒரு பங்கு தரையைத் தொட்டாலே 9 டன் இறங்கிவிடும். இதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பாடத்தின் பெரிய ஆச்சரியம். "தொங்குது" என்பதைவிட "நூறில் ஒரு பங்கில் நிற்குது" என்பது பெரிய அதிசயம், அதை நிரூபிக்கவும் முடியும்.

ஒரு எச்சரிக்கை. மூலையில் சுமை குவிந்தால் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். சுமை நடுவில் இல்லாததால் தூண் சாய நினைக்கும். கூரையின் எடைதான் அதன் தலையை அழுத்திப் பிடித்திருக்கும். தாங்கும் என்பது வேறு, தாராளமாகத் தாங்கும் என்பது வேறு.

*சாத்தியம் மூன்று: கட்டியபோது உட்கார்ந்திருந்தது, பிறகு தரை இறங்கியது.* ஆயிரம் வருஷத்தில் மண் இறங்கும், தண்ணீர் புகும், மரத்தின் வேர் நுழையும், தளக்கற்களை மாற்றிப் போட்டிருப்பார்கள். ஒரு தூணின் கீழ் மண் கொஞ்சம் இறங்கினால், அந்தச் சுமை பக்கத்துத் தூண்களுக்கு நகரும். காய்ந்த இணைப்புகள் உள்ள கட்டடம் இதைச் சமாளிக்கும். கற்கள் கொஞ்சம் நகர்ந்து புதுச் சமநிலையில் உட்காரும். கான்கிரீட் ஃப்ரேமாக இருந்திருந்தால் வெடித்திருக்கும்.

எந்தச் சாத்தியம் என்றாலும் ஒரு முடிவு பொது. அந்த இடைவெளி ஒரு அளவுமானி. ஆயிரம் வருஷமாக யாரோ வைத்துவிட்டுப் போன கேஜ். இடைவெளி பெரிதானால் தரை இறங்குகிறது. சிறிதானால் மேலே இருப்பது இறங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் மாறினால் தூண் சாய்கிறது. மாறாமல் இருந்தால் எல்லாம் அமைதி.

அப்போ ஆபத்து எங்கே?

நல்ல எண்ணத்தோடு வருகிற ரிப்பேரில்.

"தூண் தொங்குதே, விழுந்துடுமோ" என்று பயந்து அடியில் சிமெண்ட் கலவையைத் திணித்தால் என்ன ஆகும்? முதல் இழப்பு, நம்ம கேஜ் போச்சு. இரண்டாவது, சிமெண்ட் கலவை இறுக்கமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் கல் வழியாக ஆவியாகப் பார்க்கும். கூடவே உப்பும் வரும். உப்பு கல்லுக்குள் படிகமாகி மேல்தோலைப் பெயர்க்கும். சுண்ணாம்புச் சாந்து அப்படி இல்லை. மென்மையானது, மூச்சு விடும், கல்லுக்கு முன்னாடி தான் உதிரும். உதிர்ந்தால் மறுபடி பூசலாம். கல் உதிர்ந்தால் எதைப் பூசுவது?

சுண்ணாம்பு ஒன்றும் பழைய மூடநம்பிக்கை இல்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். தண்ணீர் விட்டு நீற்றினால் சாந்துக்கு ரெடி. பூசியபின் காற்றிலிருந்து அதே கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகிவிடும். கெமிஸ்ட்ரி வகுப்பில் பார்த்த சமன்பாடுதான். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை அதில் சேர்ப்பது நம்ம கொத்தனார்களின் கைமுறை.

இரண்டாவது ஆபத்து கூரையில். மழைக்கு ஒழுகுகிறது என்று 10 செ.மீ. கான்கிரீட் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன் கூடும். 100 சதுர மீட்டர் மண்டபத்துக்கு சுமார் 24 டன். நம்ம மாதிரி உத்திரத்தின் சுமை 26.8-இலிருந்து 32.8 ஆகும். தகைவு 22 சதவீதம் ஏறும். தூண் கவலைப்படாது. ஏற்கெனவே 5 மட்டும் பாதுகாப்பு எண் வைத்திருக்கிற உத்திரம் கவலைப்படும். சேலம் சாலையில் இருக்கிற அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களை நினைத்துப் பாருங்க. மேலே தங்கும் ஈரம் கீழே ஓவியத்தின் முதுகில்தான் வந்து நிற்கும்.

மூன்றாவது, இரும்பு. வெடித்த கல்லை இரும்புப் பட்டை வைத்து இறுக்குவது பலமாகத் தெரியும். ஆனால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே இருந்து கல்லைப் பிளக்கும். இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஏதென்ஸ் நகரத்தின் பார்த்தினான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலானோஸ் என்ற பொறியாளர் அதைச் சீர்செய்தபோது இரும்புப் பிடிகளைப் போட்டார். பழைய கிரேக்கர்களும் இரும்பு போட்டவர்கள்தான், ஆனால் அதைச் சுற்றி ஈயம் ஊற்றியிருந்தார்கள். ஈயம் இல்லாத புது இரும்பு துருப்பிடித்து பளிங்கைப் பிளந்தது. 1975இல் தொடங்கிய பணியில் அந்த இரும்பை எடுத்துவிட்டு டைட்டானியம் போட்டு வருகிறார்கள். ஒரு நாட்டின் தலைநகரத்துத் தலையாய சின்னத்துக்கே, படித்த ஒரு இன்ஜினியர் கையால் இது நடந்தது. அக்கறை இருந்தது. மெட்டீரியல் பற்றிய கணக்கு தவறியது.

நான்காவது, மணல் வீச்சு. கல்லைப் "பளிச்" ஆக்க வேகமாக மணலை அடிப்பது. கல்வெட்டு எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். அது தேய்ந்தால் 893 என்ற ஆண்டை எங்கே போய்ப் படிப்பது? தமிழ்நாட்டுக் கோயில்களில் இதற்குத் தடை இருக்கிறது. இருந்தாலும் எங்காவது கம்ப்ரஸர் சத்தம் கேட்டால் நாம் கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1958ஆம் ஆண்டின் பண்டைய நினைவுச்சின்னங்கள் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று அறிவிக்கப்பட்ட சின்னத்தை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. 2010 திருத்தத்துக்குப் பிறகு, அதைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். நாளைக்கு நீங்க பிளான் போடும் சைட் இப்படி ஒரு வட்டத்துக்குள் வரலாம். பட்டம் வாங்கும்முன் இது தெரிந்திருப்பது நல்லது.

ஆனால் சட்டம் சின்னத்தைச் சுற்றித்தான் வட்டம் போடும். தூணுக்கு அடியில் என்ன திணிக்கிறார்கள் என்று பார்க்க, லோட் பாத் புரிந்த கண் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

சிவில் மாணவர்கள் மினி ப்ராஜெக்ட் தலைப்புத் தேடி அலைகிறோம். இதோ ஒன்று. கோயில் நிர்வாகத்திடம் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு இவற்றைச் செய்யலாம்:

1. தூண், போதிகை, உத்திரம் எல்லாவற்றையும் டேப்பால் அளந்து ஒரு வரைபடம். மேலே கொடுத்த கணக்கை நிஜ அளவுகளோடு மறுபடி போடுங்க. என் மாதிரி எண்கள் மாறும், மாறட்டும்.
2. உத்திர இணைப்புகள் எங்கே என்று குறித்த கூரைப் படம்.
3. தூணடி இடைவெளியை, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, நான்கு பக்கமும் ஒரே கோணத்தில் போட்டோ. மழைக்கு முன், மழைக்குப் பின், வருஷா வருஷம். ஜூனியர் பேட்ச்சுக்குக் கைமாற்றிக்கொண்டே போகலாம்.
4. மொபைல் போட்டோக்களைச் சேர்த்து முப்பரிமாண மாடல். சி.எஸ். நண்பர்களைக் கூப்பிடுங்க, அவங்களுக்கும் வேலை இருக்கு.

செய்யக் கூடாதது: தட்டிப் பார்ப்பது, தள்ளிப் பார்ப்பது, இரும்பு ஸ்கேலை அடியில் நுழைப்பது. துண்டை இழுப்பதும் வேண்டாமே. நூறில் ஒரு பங்கில் நிற்கிற விளிம்பு அது. ஒரு நாளைக்கு நூறு பேர் இழுத்தால் மணலும் சேர்ந்து உரசும்.

நுளம்பர் தூண்களின் இன்னொரு கதையும் உண்டு. திருவையாற்றுக் கோயில் பிரகாரத்தில் நுளம்பர் பாணித் தூண்கள் நிற்கின்றன. சோழர்கள் வென்ற நாட்டிலிருந்து கொண்டுபோனவை என்பது வரலாறு. கழற்றி, வண்டியில் ஏற்றி, காவிரிக் கரையில் மறுபடி நிறுத்த முடிந்தது. காரணம், அவற்றை எதுவும் ஒட்டி வைக்கவில்லை. கழற்றி மாட்ட முடிகிற கட்டடம்தான் ரிப்பேர் செய்ய முடிகிற கட்டடம். பாதுகாப்புப் பொறியியலில் இன்று "திரும்பப் பெறக்கூடிய தலையீடு" என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வதும் இதைத்தான். நாளைக்கு வருகிறவன் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவனாக இருப்பான், அவன் கழற்றிச் சரிசெய்ய முடிகிற மாதிரி இன்றைக்கு வேலை செய்.

தகடூரின் அரண்மனை போச்சு, அதைப் பாடிய நூலும் போச்சு. மிச்சம் இருக்கிற மண்டபத்தில் ஒரு பேப்பர் தடிமனுக்கு ஒரு இடைவெளி இருக்கிறது. அதை அடைக்காமல், அளந்து வைப்போம்.